மூன்று வகைக் கணினி, ஒரே டெம்ப்ளேட்: சில குறிப்புகள்

சிற்றிதழுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் விண்டோஸ்காரர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் சிலரிடம் மேக். கல்லூரி மாணவர்கள் பலர் உபுண்டுவில் லிப்ரே ஆபிஸ் வைத்திருக்கிறார்கள். தலைப்பு, உபதலைப்பு, மேற்கோள், அடிக்குறிப்பு எல்லாம் எல்லோரிடமிருந்தும் ஒரே ஒழுங்கில் வந்து சேர்ந்தால் பக்கம் அமைப்பவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்காகத்தான் டெம்ப்ளேட். அதை அனுப்பும்போதும் திரும்பப் பெறும்போதும் கண்டதை அவ்வப்போது எழுதி வைத்தவை இவை.

*

பலரும் டெம்ப்ளேட் என்று அனுப்புவது டெம்ப்ளேட் அல்ல. போன இதழில் வந்த கட்டுரையின் கோப்பை அனுப்பி, “இதிலேயே மாற்றித் தட்டிவிடுங்கள்” என்கிறார்கள். பழைய கட்டுரையின் ஒரு பத்தி கடைசிப் பக்கத்தில் தங்கிவிடும். கோப்பின் விவரக் குறிப்பில் போன கட்டுரையாளரின் பெயர் அப்படியே இருக்கும். அவசரத்தில் ‘சேவ்’ அழுத்தினால் மூலமே போய்விடும்.

உண்மையான டெம்ப்ளேட்டைச் சொடுக்கினால் பெயரிடாத புதிய பிரதி ஒன்று திறக்கும். மூலம் தொடப்படாமல் இருக்கும். வேர்டில் அதன் பின்னொட்டு டாட்எக்ஸ் (dotx), லிப்ரே ஆபிஸில் ஓடிடி (ott). வெளியே தெரியும் வித்தியாசம் பின்னொட்டில்தான். ஆனால் கோப்பை அந்த வகையில் சேமித்தாலே மேலே சொன்ன தொல்லைகளில் பெரும்பங்கு ஒழிந்துவிடும்.

*

எந்த உறையில் வைப்பது என்று விளக்கி மடல் எழுதுவதை விட்டுவிட வேண்டும். விண்டோஸில் பழைய இடம் ஆப்டேட்டாவுக்குள் ஒளிந்திருக்கிறது. வேர்ட் 2013 முதல் டாகுமென்ட்ஸ் உறைக்குள் தனி இடம் உண்டு. மேக்கில் அது லைப்ரரி, குரூப் கன்டெய்னர்ஸ், அதற்குள் எழுத்தும் எண்ணும் கலந்த பெயருடைய ஓர் உறை, அதற்குள்ளும் இரண்டு படி. லைப்ரரி உறையே சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. ‘கோ’ பட்டியலைத் திறந்து ஆப்ஷன் விசையை அழுத்தினால்தான் வரும். இதைத் தொலைபேசியில் ஒரு மூத்த எழுத்தாளருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, சொல்லவும் கூடாது.

எளிய வழி: டெம்ப்ளேட்டைத் திறந்து, அவரவர் மென்பொருளிலேயே ‘டெம்ப்ளேட்டாகச் சேமி’ என்று கொடுக்கச் சொல்வது. எங்கே வைப்பது என்பது மென்பொருளுக்குத் தெரியும்.

*

உபுண்டுவில் முகப்பு உறைக்குள் ‘டெம்ப்ளேட்ஸ்’ என்று ஒரு உறை இருக்கிறது. அதில் ஒரு கோப்பைப் போட்டால் வலது சொடுக்கில் ‘புதிய ஆவணம்’ என்ற பட்டியலில் அது வரும். மாணவர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் அங்கே நடப்பது வெறும் பிரதியெடுப்பு. ஓடிடி கோப்பைப் போட்டால் இன்னொரு ஓடிடிதான் கிடைக்கும். அந்த உறைக்கு டெம்ப்ளேட் வகையான ஓடிடி அல்ல, சாதாரண ஆவணக் கோப்பே சரி.

மேக்கிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. எந்தக் கோப்பின் ‘கெட் இன்ஃபோ’ பெட்டியிலும் ‘ஸ்டேஷனரி பேட்’ என்று ஒரு கட்டம். அதைக் குறியிட்டால் அந்தக் கோப்பு ஒவ்வொரு முறையும் பிரதியாகத் திறக்கும். 1983இல் ஆப்பிள் வெளியிட்ட லிசா கணினியிலேயே, ஒரு தாளடுக்கிலிருந்து தாளைக் கிழித்தெடுப்பது போல் புதிய ஆவணம் தொடங்கும் முறை இருந்தது. அதன் வாரிசு இது. ஆனால் ‘ஸ்டேஷனரி பேட்’ குறி, அதை இட்ட கணினியோடு சரி. மின்னஞ்சலில் அனுப்பினால் கூடவே வராது.

*

இனி எழுதப்போவதுதான் தமிழில் எழுதுகிறவர்கள் எல்லோரும் அறிய வேண்டிய விஷயம். இதை விளக்கமாக எங்கும் சொல்லாததால்தான் இத்தனை பேர் தவிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

வேர்டில் ஒரு ஸ்டைலுக்கு எழுத்துரு ஒன்று அல்ல. ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கு ஒன்று, சீனம் ஜப்பான் போன்றவற்றுக்கு ஒன்று, ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற வகைக்கு ஒன்று என்று தனித்தனி அறைகள். அரபு, ஹீப்ரு, தாய், இந்திய மொழிகள் எல்லாம் இந்தக் கடைசி அறையில். தமிழ் யூனிகோடு எழுத்துக்கு வேர்ட் அங்கேதான் போய்ப் பார்க்கும். எழுத்துரு மட்டுமல்ல, அளவுக்கும் தடிமனுக்கும் சாய்வுக்கும்கூட அங்கே தனிப் பதிவு. ஸ்டைலில் ஆங்கில அளவை 14 ஆக்கிவிட்டு, “தமிழ் மட்டும் மாறவே இல்லையே” என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். தமிழின் அளவு பக்கத்து அறையில் 11 என்றே இருக்கிறது.

லிப்ரே ஆபிஸிலும் இதே பிரிவினைதான். அங்கே அதற்கு சிடிஎல் என்று பெயர். மொழி அமைப்புகளில் அது இயங்கும்படி இருந்தால் ஸ்டைல் பெட்டியில் இரண்டு பகுதியும் கண்ணெதிரே தெரியும். வேர்டிலோ, தமிழை எடிட்டிங் மொழியாகச் சேர்க்காத கணினியில் அந்தப் பகுதியே தென்படாமல் போகலாம். இருப்பது தெரியாததால், டெம்ப்ளேட் செய்பவர் அதை நிரப்பாமலே அனுப்பிவிடுகிறார். அவர் கணினியில் அது எப்படியோ அழகாகத் தெரிகிறது. அடுத்தவர் கணினி அந்தக் காலி இடத்தைத் தன் இஷ்டப்படி நிரப்பிக்கொள்கிறது.

ஆகவே எங்கள் டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் இரண்டு அறையையும் நிரப்புகிறோம். எழுத்துரு, அளவு, தடிமன் மூன்றும். மொழியும் அப்படியே: தமிழ் என்று குறிக்காவிட்டால் பக்கம் முழுக்கச் சிவப்பு நெளிகோடு.

*

டாட்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும்: ஸ்டைல்களுக்கு ஒன்று, அமைப்புகளுக்கு ஒன்று, தீமுக்கு ஒன்று. மூலத்தைத் தொடாமல் ஒரு பிரதியை இப்படிப் பிரித்துப் பார்ப்பதை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். நம் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நாமே படித்துப் பார்ப்பதில் ஒரு தைரியம் கிடைக்கிறது.

அங்கே தீம் கோப்பில், மொழிவாரியான எழுத்துரு அட்டவணை ஒன்று உண்டு. ஆபிஸின் வழக்கமான தீமில் தமிழுக்கு நேரே ‘லதா’ என்று எழுதியிருக்கும். ஸ்டைலில் ‘தீம் எழுத்துரு’ என்று விட்டுவைத்தால் தமிழ் இந்த வழியாக லதாவுக்குப் போகும். லதா மைக்ரோசாஃப்ட்டின் எழுத்துரு, உபுண்டுவில் இருக்காது. விண்டோஸிலேயே உறுதியில்லை: விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் விருப்பத் தொகுப்புக்குப் போய்விட்டன, தமிழைச் சேர்த்தால்தான் வரும். வழக்கமாக உள்ளே இருப்பது நிர்மலா யூஐ.

எனவே தீம் எழுத்துரு வேண்டாம். பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்.

*

எந்தப் பெயரை?

விண்டோஸில் நிர்மலா, லதா. மேக்கில் தமிழ் சங்கம் எம்என், முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி. லினக்ஸில் லோஹித் அல்லது நோட்டோ. மூன்றிலும் பொதுவாக முன்கூட்டியே இருக்கும் தமிழ் எழுத்துரு என்று ஒன்றை நம்பிச் சொல்ல வழியில்லை. ஆங்கிலத்துக்கு இந்தச் சங்கடம் குறைவு. டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல் ஆகியவற்றின் அகலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் ‘லிபரேஷன்’ எழுத்துருக்களை ரெட் ஹேட் 2007இல் இலவசமாக வெளியிட்டது. காலிப்ரிக்கு ஈடாக ‘கார்லிட்டோ’, கேம்ப்ரியாவுக்கு ‘கலாடியா’. எழுத்துரு மாறினாலும் வரி உடையும் இடம் மாறாது. லதாவுக்கோ நிர்மலாவுக்கோ அப்படி அளவொத்த இரட்டை எதுவும் நம்மிடம் இல்லை. யாராவது செய்தால் தமிழ்ப் பதிப்புலகத்துக்குப் பெரிய உபகாரம்.

இப்போதைக்கு எங்கள் முடிவு நோட்டோ செரிஃப் தமிழ். திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பதால் டெம்ப்ளேட்டோடு சேர்த்தே அனுப்பலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மூன்று வகைக் கணினியிலும் நிறுவ முடிகிறது. மீரா இனிமை, ஹிந்த் மதுரை, காட்டமரன் போன்றவையும் அதே உரிமத்தில் கிடைக்கின்றன; தலைப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம். விலைக்கு வாங்கிய எழுத்துருவை மின்னஞ்சலில் சுற்றுக்கு விடுவது நம் துறையில் வழக்கமாகிவிட்டது. எழுத்து வரைந்தவரின் உழைப்பு அது. அந்த வழக்கத்தை விட வேண்டும்.

எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் வசதி வேர்டிலும் லிப்ரே ஆபிஸிலும் இருக்கிறது. இரண்டாம் காப்பாக அதையும் இட்டு வைக்கலாம். நிறுவுவதே முதல் காப்பு.

*

பாமினியில் தட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், குறிப்பாக இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும். அவர்களுடைய எழுத்து வேர்டின் கணக்கில் தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவம் போர்த்தியது. ஆகவே அது ஆங்கில அறையின் எழுத்துருவைத்தான் எடுத்துக்கொள்ளும். நம் டெம்ப்ளேட்டில் அந்த அறையில் லிபரேஷன் இருந்தால், அவர் ஒட்டியது எல்லாம் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். அவர் பதறிப்போய் அழைப்பார். எழுத்து எதுவும் அழியவில்லை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு அதன்பின் டெம்ப்ளேட்டில் ஒட்டுவது. வரிசை முக்கியம்: மாற்றம் முதலில், ஒட்டுவது பிறகு.

*

வரி இடைவெளி. ‘சிங்கிள்’ என்றால் ஒவ்வொரு எழுத்துருவும் தன் உயரக் கணக்குப்படி ஒரு இடைவெளி தரும். எழுத்துரு மாறிய கணினியில் 10 பக்கக் கட்டுரை 12 பக்கமாவது இதனால்தான். ‘எக்ஸாக்ட்லி’ என்று புள்ளிக் கணக்கில் கொடுத்துவிட்டால் எல்லாக் கணினியிலும் ஒன்றே. லிப்ரே ஆபிஸில் இது ‘ஃபிக்ஸ்டு’. 11 புள்ளித் தமிழுக்கு 18 வைத்தால் கீ, ணூ, ஞூ போன்றவற்றின் மேலும் கீழும் வெட்டுப்படுவதில்லை. ஆங்கிலப் பழக்கத்தில் 13 வைத்தவர்களின் பக்கத்தில் சுழிகள் அறுந்திருக்கும்.

*

ஸ்டைல் பெயர்கள்தான் டெம்ப்ளேட்டின் உயிர் என்று நாளாக ஆக உறுதிப்படுகிறது. தோற்றம் கணினிக்குக் கணினி சற்று மாறட்டும்; ‘இது உபதலைப்பு’, ‘இது கவிதை வரி’ என்ற தகவல் சேதமில்லாமல் வந்தால் போதும். வடிவமைப்பாளர் இன்டிசைனில் தன் தோற்றத்தைக் கொடுத்துக்கொள்வார். ஒரு வரியைத் தடித்து, பெரிதாக்கி, நடுவில் வைத்துத் தலைப்பு போலக் காட்டுவது கண்ணுக்குத் தலைப்பு. கணினிக்கு அது தடித்த ஒரு பத்தி, அவ்வளவே.

தலைப்புகளுக்கு மென்பொருளோடு வரும் ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ ஸ்டைல்களையே பயன்படுத்துவது நல்லது. வேர்டும் லிப்ரே ஆபிஸும் அவற்றை ஒன்றுக்கொன்று அடையாளம் காண்கின்றன. பொருளடக்கம் தானாக வரும். மற்றவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தாராளமாக வைக்கலாம்: ‘கவிதை வரி’, ‘நேர்காணல் கேள்வி’, ‘நேர்காணல் பதில்’. மூன்று வகைக் கணினியிலும் பெயர் அப்படியே வருகிறது. பெயருக்குள் காற்புள்ளி மட்டும் வேண்டாம். வேர்ட் அதற்குப் பின்னுள்ளதை மாற்றுப்பெயர் என்று எடுத்துக்கொள்ளும்.

*

கோப்பின் பெயரில் தமிழ் வைப்பது வேறு கதை. ‘ொ’ என்ற உயிர்க்குறிக்கு யூனிகோடில் தனி இடம் உண்டு. ‘ெ’, ‘ா’ என்ற இரண்டையும் அடுத்தடுத்து வைத்தும் அதே உருவத்தைப் பெறலாம். ‘ோ’, ‘ௌ’ ஆகியவையும் இப்படியே. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பைட்டுகளில் வேறு. மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், பெயரை எப்போதும் பிரித்தே சேமிக்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் தட்டியது தட்டியபடி. ஆகவே ‘தொகுப்பு’ என்று பெயரிட்ட கோப்பு மேக் வழியாகச் சுற்றி வந்தால், லினக்ஸ் உறையில் பார்வைக்கு ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகள் இருக்கும். எது புதியது என்று தெரியாமல் பழையதில் எழுதத் தொடங்குவார்கள். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது.

தமிழுக்கு இடம் விட்டுக்கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. இருந்தாலும் டெம்ப்ளேட் கோப்பின் பெயரை மட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்திருக்கிறோம். சிற்றெழுத்து ஏன் என்றால், லினக்ஸ் பெரிய ‘டி’யையும் சின்ன ‘டி’யையும் வெவ்வேறாகப் பார்க்கும், விண்டோஸும் வழக்கமான மேக்கும் ஒன்றாகப் பார்க்கும்.

*

டெம்ப்ளேட்டிலிருந்து பிறந்த ஆவணம் தன் மூலம் எங்கே இருந்தது என்ற முகவரியைச் சுமந்துகொண்டே போகும். ‘சி’ டிரைவ், அதற்குள் பயனர் பெயர், அதற்குள் உறைகள் என்று முழுப் பாதையும் அமைப்புக் கோப்பில் இருக்கும். ஆவணத்தை வெளியார் யாருக்கும் அனுப்பும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். பயனர் பெயரும் உறைப் பெயர்களும் கூடவே போகின்றன.

அந்த முகவரி அடுத்த கணினியில் இருக்காது. அதனால் ஒன்றும் கெடாது. ஸ்டைல்கள் ஆவணத்துக்குள்ளேயே பிரதியாக இருக்கின்றன. கெடுவது ஒரு சூழ்நிலையில்தான்: ‘ஆவண ஸ்டைல்களைத் தானாகப் புதுப்பி’ என்ற கட்டம் குறியிடப்பட்டிருந்து, ஆவணம் பொது டெம்ப்ளேட்டான ‘நார்மல்’ உடன் இணைந்திருந்தால், திறக்கும் கணினியின் நார்மல் வந்து நம் ஸ்டைல்களின் மேல் ஏறிவிடும். நாம் அமைத்ததெல்லாம் அவருடைய காலிப்ரியாக மாறியிருக்கும். அந்தக் கட்டத்தைக் குறியிடாமல் விடுங்கள்.

லிப்ரே ஆபிஸ் இதில் நாகரிகமானது. மூலம் மாறியிருந்தால் ஸ்டைல்களைப் புதுப்பிக்கவா என்று கேட்கும். ஆனால் ஒருமுறை ‘பழையதே இருக்கட்டும்’ என்றால் அந்த ஆவணத்துக்கும் டெம்ப்ளேட்டுக்குமான தொடர்பு அறுந்துவிடும்; பிறகு கேட்காது.

*

மேக்ரோ வைப்பதா? ஒற்றை மேற்கோளைச் சரிசெய்ய, இரட்டை இடைவெளியை நீக்க எல்லாம் கைவசம் மேக்ரோ உண்டு. டெம்ப்ளேட்டில் வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றும்.

வைக்கக் கூடாது என்பது என் தீர்ப்பு. 1995இல் பரவிய ‘கான்செப்ட்’ வைரஸ் நார்மல் டெம்ப்ளேட்டில் குடியேறித்தான் அடுத்தடுத்த கோப்புகளுக்குப் போனது. 1999இல் ‘மெலிசா’. டெம்ப்ளேட் மீதான சந்தேகம் அன்றிலிருந்து நியாயமானது. 2022 முதல் இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை விண்டோஸ் வேர்ட் தானாகவே தடுத்துவிடுகிறது. மேக்கில் கதை இன்னும் கரடுமுரடு: ஆபிஸ் 2008இல் மேக்ரோ மொழியையே எடுத்துவிட்டார்கள், 2011இல் திரும்பக் கொடுத்தார்கள். லிப்ரே ஆபிஸ் வேர்டின் மேக்ரோக்களில் ஒரு பகுதியைத்தான் ஓட்டும். எழுதுகிறவரிடம் “பாதுகாப்பைத் தளர்த்திவிட்டுத் திறங்கள்” என்று சொல்ல வேண்டிய எதையும் அனுப்பக் கூடாது. அந்தத் துப்புரவு வேலைகளை ஆசிரியர் குழு தன் கணினியில் செய்துகொள்ளட்டும்.

*

தாள். நம்மிடம் ஏ4: 210க்கு 297 மில்லிமீட்டர். அமெரிக்காவிலும் கனடாவிலும் லெட்டர்: ஆறு மில்லிமீட்டர் அகலம் கூடுதல், பதினெட்டு மில்லிமீட்டர் உயரம் குறைவு. டொரன்டோவிலிருந்து எழுதுகிறவர் புதிய கோப்பைத் தானே தொடங்கினால் லெட்டரில்தான் வரும். டெம்ப்ளேட் வழியாக வந்தால் ஏ4 அப்படியே இருக்கும். அவர் அச்சுப்பொறி என்ன செய்யும் என்று கவலைப்பட வேண்டாம். வேர்டில் தாளுக்கேற்பச் சுருக்கி அச்சிடும் தேர்வு இருக்கிறது, கோப்பு மாறாது.

டெம்மி அளவில் அமைத்துக் கொடுங்கள், புத்தகம் போலப் பார்க்க ஆசை என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் கையெழுத்துப்படிக்கு ஏ4 போதும். திருத்தம் எழுத ஓரத்தில் இடம் வேண்டும்.

*

முனிச் நகராட்சியைப் பற்றிப் படித்தது. 2003இல் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தார்கள். திட்டத்தின் பெயர் லிமக்ஸ். 2013 வாக்கில் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறியிருந்தன. 2017இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்புவது என்று நகர மன்றம் தீர்மானித்தது. எல்லோரும் பேசுவது அந்தத் திரும்புதலை. எனக்கு முக்கியமாகப் பட்டது இடையில் நடந்த ஒன்று. ஒவ்வொரு துறையும் ஆண்டுக்கணக்கில் தனித்தனியாகச் சேர்த்து வைத்திருந்த கடிதத் தலைப்புகள், படிவங்கள், மேக்ரோக்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அவற்றை ஒழுங்குபடுத்த ‘வோல்மக்ஸ்’ என்று ஒரு கருவியை அவர்களே எழுதினார்கள். ஓபன் ஆபிஸோடு இயங்கும் அதை 2008இல் எல்லோருக்கும் திறந்த மென்பொருளாகக் கொடுத்தார்கள்.

இயங்குதளத்தை மாற்றியபோதுதான் தங்களிடம் எத்தனை டெம்ப்ளேட் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க நேர்ந்தது. 2024இல் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 கணினிகளில் லிப்ரே ஆபிஸுக்கு மாறப்போவதாக அறிவித்தது. அங்கேயும் இந்தக் கணக்கெடுப்பைத் தவிர்க்க முடியாது. நம் அரசு அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வேட்டு வடிவம், அலுவலகக் கடித வடிவம் எல்லாம் யாரோ ஒருவரின் பென் டிரைவில் இருக்கின்றன. அவர் மாற்றலாகிப் போனால் வடிவமும் போய்விடுகிறது. பொது இடத்தில், திறந்த எழுத்துருவோடு, எந்தக் கணினியிலும் திறக்கும்படி ஒரு தமிழ் ஆய்வேட்டு டெம்ப்ளேட் இருந்தால் முனைவர் பட்ட மாணவர்கள் தட்டச்சு நிலையங்களில் செலவழிக்கும் பணமும் பொழுதும் எவ்வளவோ மிஞ்சும். இதைப் பல்கலைக்கழகங்களே முன்வந்து செய்ய வேண்டும்.

*

டாட்எக்ஸா, ஓடிடியா? இரண்டும் சர்வதேசத் தர நிர்ணயத்தின்படி ஆனவை: ஓடிடியின் அடிப்படையான ஓடிஎஃப் 2006இல், வேர்டின் வடிவம் 2008இல் ஐஎஸ்ஓ தரமாயின. இரண்டையும் அனுப்புகிறோம். ஆனால் மூலம் ஒன்றே ஒன்று. ஓடிடியில் திருத்தி, அதிலிருந்து டாட்எக்ஸை எடுக்கிறோம். எழுத்துரு அறைகள் அங்கே கண்ணெதிரே இருப்பதுதான் காரணம். இரண்டையும் தனித்தனியாகத் திருத்தினால் சில மாதங்களில் அவை வெவ்வேறு டெம்ப்ளேட்களாகிவிடும்.

*

கூகுள் டாக்ஸில் மட்டுமே எழுதுகிறவர்களுக்கு: பகிர்வு முகவரியின் கடைசியில் ‘எடிட்’ என்றிருக்கும் சொல்லை ‘காப்பி’ என்று மாற்றி அனுப்பினால், திறந்ததும் ‘பிரதி எடுக்கவா’ என்று கேட்கும். மூலத்தில் யாரும் தட்ட மாட்டார்கள்.

*

அடுத்த திருத்தத்தில் செய்ய வேண்டியவை. அடிக்குறிப்பு ஸ்டைலில் தமிழ் அளவு விடுபட்டிருக்கிறது, நிரப்ப வேண்டும். முதல் பக்கத்தில் விளக்கம் நீளமாக இருக்கிறது. நான்கு வரிக்குள் அடக்க வேண்டும். கோப்பின் பெயரில் ஆண்டும் மாதமும் சேர்க்க வேண்டும், எது புதியது என்று கேட்டு மடல் வருகிறது. மேக்கில் திறந்து பார்த்துச் சொல்ல ஒருவரை இன்னும் பிடிக்க வேண்டும்.